விமானச் சீட்டில் இருக்கும் 5.60 டாலரும், சம்பளம் வராத சோதனை ஊழியர்களும்

அமெரிக்காவில் விமானம் ஏறுவதற்காக நீங்கள் வாங்கிய சீட்டு ஏதாவது கையில் இருந்தால், கட்டணத்தைப் பிரித்துக் காட்டியிருக்கும் பகுதியைக் கொஞ்சம் பாருங்கள். அடிப்படைக் கட்டணம், கூட்டாட்சி வரி, விமான நிலையக் கட்டணம் என்று நீளும் பட்டியலில் 5.60 டாலர் என்று ஒரு சிறு தொகை இருக்கும். போய்த் திரும்பும் பயணமானால் 11.20 டாலர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த பாதுகாப்புக் கட்டணம் அது. பயணிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் சோதிப்பதற்கு ஆகும் செலவை ஈடுகட்டவென்றே சட்டம் இயற்றி வசூலிக்கிறார்கள். முதலில் ஒவ்வொரு விமானம் ஏறும்போதும் 2.50 டாலர் என்று இருந்தது, 2014 ஜூலையிலிருந்து இப்போதுள்ள தொகை ஆனது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிதி ஒதுக்காததால் அரசு முடங்கி, அந்தச் சோதனையைச் செய்கிறவர்களுக்குச் சம்பளம் நின்றுபோன நாட்களிலும் இந்த வசூல் மட்டும் நிற்கவில்லை. 2018 டிசம்பரிலும் நாம் கட்டினோம்; 2025 அக்டோபரிலும் கட்டினோம்.

அந்தப் பணம் எங்கே போகிறது, அது ஏன் அவர்களுடைய சம்பளமாக மாறாமல் நின்றுவிடுகிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வேலையின் பெயரைச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்கிக்கொண்டே, அந்த வேலையைச் செய்கிறவரிடம் ‘நிதி ஒதுக்கீடு இன்னும் நிறைவேறவில்லை, பிறகு வாருங்கள்’ என்று சொல்வதற்கு எந்த அரசுக்கும் நியாயம் கிடையாது. எந்தக் கட்சியின் மீது பழி என்ற வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. 2018-19இல் எல்லைச் சுவருக்கான 570 கோடி டாலரை முன்வைத்துச் சண்டை நடந்தது. 2025இல் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று சண்டை நடந்தது. விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு சண்டையிலும் பங்கில்லை.

சட்டம் சொல்வது இதுதான். காங்கிரஸ் சட்டத்தின் மூலம் ஒதுக்கித் தராமல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அதற்குக் காவலாக, ஒதுக்கீட்டுக்கு மேல் செலவழிப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. சம்பளம் வாங்காமல் ‘தானாக முன்வந்து’ செய்யும் வேலையை அரசு ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. மனித உயிரையோ சொத்தையோ காக்க வேண்டிய அவசரம் மட்டும் விதிவிலக்கு. நெடுங்காலம் இதை யாரும் அவ்வளவு கறாராக எடுத்துக்கொள்ளவில்லை. ஒதுக்கீடு சில நாள் தாமதமானால், எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அலுவலகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதிபர் கார்ட்டர் காலத்தில் அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக, இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி 1980இலும் 1981இலும் இரண்டு சட்டக் கருத்துரைகள் எழுதினார். பணம் இல்லையென்றால் கதவை மூடு என்றது முதலாவது; உயிரையும் சொத்தையும் காக்கும் வேலைகள் மட்டும் தொடரலாம் என்று விளக்கியது இரண்டாவது. இன்று நாம் பார்க்கும் முடக்கம் என்ற வழக்கம் அந்த இரண்டு கருத்துரைகளிலிருந்து வளர்ந்தது. சம்பளம் இல்லாமல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட ஒரு விதி, அதன் விதிவிலக்கின் வழியாகவே, சம்பளம் இல்லாமல் லட்சக்கணக்கானவர்களை வேலை வாங்கும் கருவியாகிவிட்டது. இதை எழுதியவர்கள் இப்படி நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த விதிவிலக்குக்குள்தான் டிஎஸ்ஏ என்று எல்லோரும் சொல்லும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வருகிறது. 2001 நவம்பர் 19 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவாகி, 2003இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வந்தது. சோதனைச் சாவடிகளில் நிற்கும் அலுவலர்கள் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர். 2024ஆம் ஆண்டில் அவர்கள் சோதித்து அனுப்பிய பயணிகளின் எண்ணிக்கை 90 கோடிக்கு மேல். ஒரு நாளைக்குச் சராசரியாக 25 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டாட்சி ஊழியர்கள் என்பதால் வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்குச் சட்டப்படி உரிமையில்லை. 1981இல் வேலைநிறுத்தம் செய்த வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000 பேருக்கு மேல் அப்போதைய அதிபர் ரீகனால் வேலையிலிருந்து நீக்கப்பட்டதை அந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. ஆக, சம்பளம் வராவிட்டாலும் வர வேண்டும். வரமாட்டேன் என்று கூட்டாகச் சொல்லவும் கூடாது. தனி ஆளாக ‘உடம்பு சரியில்லை’ என்று தொலைபேசியில் சொல்வதுதான் மிச்சமிருக்கும் ஒரே வழி.

2018 டிசம்பர் 22இல் தொடங்கி 2019 ஜனவரி 25 வரை 35 நாள் நீடித்த முடக்கத்தில் அந்த வழி எப்படி வேலை செய்தது என்பதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அப்போது மொத்தம் சுமார் 8 லட்சம் கூட்டாட்சி ஊழியர்களின் சம்பளம் நின்றது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சம்பளமின்றி வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். டிஎஸ்ஏ அலுவலர்கள் அப்போது கூட்டாட்சி ஊழியர்களிலேயே குறைந்த சம்பளம் வாங்கியவர்களில் அடங்குவார்கள். ஜனவரி 11 அன்று வர வேண்டிய சம்பளம் வரவில்லை. அடுத்த சில நாட்களில் மயாமி விமான நிலையத்தில் ஒரு முனையத்தைச் சீக்கிரமே மூடினார்கள். ஹூஸ்டனில் ஒரு முனையத்தின் சோதனைச் சாவடியை மூடிப் பயணிகளை வேறு முனையங்களுக்கு அனுப்பினார்கள். அட்லாண்டாவில் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பிப்ரவரி 3 அன்று அதே ஊரில் நடக்கவிருந்ததால் அங்கே பதற்றம் கொஞ்சம் கூடுதல். ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வேலைக்கு வராத அலுவலர்கள் 10 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு அதே நாளில் 3.1 சதவீதம். அப்போதைய நிர்வாகி டேவிட் பெகோஸ்கி கையில் இருந்த ஏதோ ஒரு நிதியைத் தேடிப்பிடித்து, சீருடை அணிந்த சோதனை அலுவலர்களுக்கு 500 டாலர் ஊக்கத்தொகை அறிவித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் இருந்தவர் செய்யக்கூடியது அவ்வளவுதான். வாடகை கட்ட அது போதுமா என்பது வேறு கேள்வி.

முடிவு ஜனவரி 25 அன்று வந்தது. கிழக்குக் கரையில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சிலர் வேலைக்கு வராததால், நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வர வேண்டிய விமானங்களைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தார்கள். அன்றே முடக்கம் முடிந்தது. ஐந்து வாரம் நடந்த பேச்சுவார்த்தையால் சாதிக்க முடியாததைச் சில மணி நேர விமானத் தாமதம் சாதித்தது என்று அப்போது பலர் எழுதினார்கள். கனடாவின் கட்டுப்பாட்டாளர்கள் அமெரிக்காவில் இருந்த சக தொழிலாளிகளுக்கு பீட்சா வாங்கி அனுப்பியதும் அந்த மாதத்தில்தான்.

செய்தியில் வராத பக்கம் ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகள் படிக்கும் வாராந்திரத் தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு பெண் சோதனைச் சாவடியில் வேலை பார்க்கிறார். அதிகாலை நான்கு மணிக்கு அவருடைய முறை தொடங்கும். 2025 அக்டோபர் கடைசியில், வகுப்பு முடிவதற்காக வெளியே காத்திருந்த நேரத்தில், தம் கைப்பேசியில் சம்பளச் சீட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். வேலை செய்த மணி நேரம் என்ற இடத்தில் இரண்டு வாரத்துக்குரிய 80 மணி நேரம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. விடுப்புக் கணக்கு ஒழுங்காக இருந்தது. கையில் வரும் தொகை என்ற கட்டத்தில் சுழி இருந்தது. “வேலைக்குப் போறதுக்கே காசு வேணுமே அண்ணா” என்றார். அவர் கணக்குச் சொன்ன விதம் எனக்குப் புதிது. வாடகையைக்கூட வீட்டுக்காரரிடம் பேசித் தள்ளிப்போடலாம். காருக்குப் பெட்ரோலையும், அதிகாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குத் தரும் பணத்தையும் தள்ளிப்போட முடியாது. அந்த இரண்டும் இல்லாமல் அவர் நான்கு மணிக்குச் சாவடியில் நிற்க முடியாது. அதாவது, முடக்கம் நீள நீள, வேலைக்கு வருகிறவர்தான் கையிலிருந்து செலவழித்து வருகிறார். வராமல் வீட்டில் இருப்பவருக்கு அந்தச் செலவாவது மிச்சம். இன்னொரு முரணும் உண்டு. வேலை நிறுத்தி வைக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட கூட்டாட்சி ஊழியர், பின்னால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, வேலையிழப்புப் படிக்கு விண்ணப்பிக்கலாம். முழு நேரமும் வேலை செய்து சம்பளம் வராதவருக்குப் பொதுவாக அது கிடைக்காது. ஏனென்றால் அவர் வேலையில்தானே இருக்கிறார்.

பகுதிநேர வேலைக்குப் போகலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி, எக்ஸ்ரே திரையில் ஓடும் படங்களில் கத்தியின் நிழலையும் மடிக்கணினியின் நிழலையும் பிரித்தறிந்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஊபர் ஓட்டிவிட்டு, மறுநாள் அதே திரைக்கு முன்னால் வந்து உட்காரும் ஒருவரின் கண்ணை நம்பித்தான் நாம் விமானத்தில் ஏறுகிறோம். திரையைப் பார்ப்பவர்களை நெடுநேரம் ஒரே இடத்தில் உட்கார வைக்காமல் மாற்றிக்கொண்டே இருப்பது கவனம் சிதறக் கூடாது என்பதற்காகத்தான். அவ்வளவு யோசித்து முறை வகுத்தவர்கள், அடுத்த மாத வாடகையைப் பற்றிய கவலையும் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

2025இன் முடக்கம் அக்டோபர் 1இல் தொடங்கி நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்து, பழைய 35 நாளைத் தாண்டியது. சம்பள நிலை இந்த இடைவெளியில் ஓரளவு தேறியிருந்தது. 2023 ஜூலையில் டிஎஸ்ஏ ஊழியர்களின் சம்பளத்தை மற்றக் கூட்டாட்சி ஊழியர்களுக்கு இணையாக்கியபோது சராசரியாக 30 சதவீத உயர்வு கிடைத்தது. அதனால் முதல் சில வாரங்களைச் சேமிப்பில் ஓட்டியவர்கள் 2019ஐவிட அதிகம் என்பது என் ஊகம். நவம்பர் தொடக்கத்தில் அதுவும் கரைந்துவிட்டது; ஹூஸ்டனில் வரிசை மூன்று மணி நேரம் வரை நீண்டது. நவம்பர் 7இலிருந்து, கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது. முதலில் 4 சதவீதம், பிறகு 6 சதவீதம்.

அந்த முடக்கத்தில் என்னை அதிகம் உறுத்தியது வரிசையின் நீளம் அல்ல. பணம் உண்மையிலேயே இல்லையா என்ற கேள்விக்கு அரசே பதில் சொல்லிவிட்டதுதான். படைவீரர்களுக்கு அக்டோபர் நடுவில் சம்பளம் தர வேண்டிய நாள் நெருங்கியபோது, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக்கென ஒதுக்கியிருந்த நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் எல்லைக் காவலர், குடிவரவு அமலாக்க அலுவலர் உட்பட 70,000க்கு மேற்பட்டவர்களுக்கு, அந்த ஆண்டு ஜூலையில் நிறைவேறிய பெரிய வரிச் சட்டத்தின் நிதியிலிருந்து சம்பளம் தரப்போவதாக அமைச்சர் கிறிஸ்டி நோயம் அறிவித்தார். அந்தப் பட்டியலில் விமானத்துக்குள் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து காவல் காக்கும் ஏர் மார்ஷல்களும் இருந்தார்கள். அவர்களும் டிஎஸ்ஏவைச் சேர்ந்தவர்கள்தான். அதே நிர்வாகத்தில், அதே விமான நிலையத்தில், சாவடியில் நின்ற அலுவலர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. துப்பாக்கி வைத்திருப்பவருக்குச் சம்பளம், எக்ஸ்ரே பார்ப்பவருக்குப் பொறுமை. அதற்கு நடுவே, முடக்கத்துக்கு ஜனநாயகக் கட்சிதான் காரணம் என்று அமைச்சர் பேசும் காணொளி ஒன்றைச் சாவடித் திரைகளில் ஓடவிடச் சொல்லி விமான நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பல விமான நிலையங்கள் மறுத்துவிட்டன. நல்ல காரியம் செய்தன.

முடக்கம் முடிந்த மறுநாள் நோயம், சிறப்பாகப் பணியாற்றிய டிஎஸ்ஏ அலுவலர்களுக்கு 10,000 டாலர் ஊக்கத்தொகை என்று அறிவித்தார். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத கட்டுப்பாட்டாளர்களுக்கும் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் அதே தொகை என்று வேறொரு அறிவிப்பு. அதில் தேறியவர்கள் 776 பேர். வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். ஆனால் பரிசு வேறு, சம்பளம் வேறு. அந்த 43 நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் வீட்டில் இருந்த தாய் தகுதியை இழக்கிறார். பெட்ரோலுக்குப் பணமில்லாமல் போனவரும் அப்படியே. செய்த வேலைக்குரிய கூலியை நாள் தவறாமல் கொடுத்திருந்தால் இந்த லாட்டரிக்குத் தேவையே இருந்திருக்காது.

‘எப்படியும் நிலுவைச் சம்பளம் முழுவதும் வந்துவிடுமே’ என்று கேட்கிறவர்களுக்குச் சில விவரங்கள். ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் காங்கிரஸ் தனியாகச் சட்டம் இயற்றித்தான் முன்பெல்லாம் நிலுவையைத் தந்தது. 2019 ஜனவரி 16 அன்று, முடக்கம் நடந்துகொண்டிருந்தபோதே, இனி வரும் எல்லா முடக்கங்களுக்கும் பொருந்தும்படி அதை ஒரு சட்டமாக்கினார்கள்: வேலை செய்தவருக்கும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும், முடக்கம் முடிந்தபின் கூடிய சீக்கிரத்தில் சம்பளம் தர வேண்டும். 2025 அக்டோபரில், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த உறுதி தானாகப் பொருந்தாது என்று வாதிடும் வரைவு ஒன்று வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்திலிருந்து வெளியே கசிந்தது. முடக்கத்தை முடித்த சட்டத்தில் நிலுவைக்கு வழிசெய்ததால் அந்தப் பயம் அப்போதைக்கு நீங்கியது. தாமதமான சம்பளத்துக்கு நட்டஈடு உண்டா என்று முந்தைய முடக்கங்களுக்குப் பிறகு ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013 முடக்கம் தொடர்பான வழக்கில் கீழ் நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் நின்றது. 2022இல் கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒதுக்கீடு இல்லாத காலத்தில் அரசு சம்பளம் தர முடியாது என்பதால், பிறகு கூடிய விரைவில் கொடுத்துவிட்டால் தொழிலாளர் சட்டத்தை மீறியதாகாது என்று தீர்ப்பளித்தது. ஒரு தனியார் நிறுவனம் ஒரு மாதம் சம்பளத்தை இழுத்தடித்தால் சட்டம் அதன் கழுத்தைப் பிடிக்கும். அரசு இழுத்தடித்தால், கடன் அட்டை வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் ஊழியரே சுமக்க வேண்டும்.

இப்போது அந்த 5.60 டாலருக்கு வருகிறேன். இந்தக் கட்டணத்தில் ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் சேர்கிறது. அதில் முதல் 25 கோடி, விமான நிலையங்களில் பெட்டிச் சோதனை இயந்திரங்கள் போன்றவற்றை நிறுவுவதற்கான ஒரு மூலதன நிதிக்குப் போய்விடுகிறது. அடுத்ததாக, 2013ஆம் ஆண்டின் இரு கட்சி வரவுசெலவுச் சட்டத்தின்படி, கணிசமான ஒரு பங்கு, அண்மை ஆண்டுகளில் 150 கோடி டாலருக்கு மேல், அரசின் வரவுசெலவுப் பற்றாக்குறையைக் குறைப்பதற்காகக் கருவூலத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. விமானப் பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான தொகை வேறு செலவுக்குப் போய்விடுகிறது என்பது பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மீதமுள்ள தொகை டிஎஸ்ஏவின் செலவை ஈடுகட்ட வருகிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீட்டுச் சட்டம் அனுமதித்தால்தான் அதைத் தொட முடியும். ஒதுக்கீடு நின்றால், பணம் வந்துகொண்டே இருக்கும். எடுக்க மட்டும் அனுமதி இருக்காது.

இது மாற்ற முடியாத இயற்கை விதி ஒன்றுமில்லை என்பதற்குச் சான்று அதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் எல்லோருக்கும் பழக்கமான யூஎஸ்சிஐஎஸ், அதாவது குடிவரவு விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு, பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுகிறது. அந்தக் கட்டணம் தனிக் கணக்கில் விழுகிறது; ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்காமல் எடுத்துச் செலவழிக்க நிரந்தர அனுமதி உண்டு. அதனால் 2018-19இலும் 2025இலும் நம்முடைய கிரீன் கார்டு விண்ணப்பங்கள் நகர்ந்தன. அங்கே இருந்தவர்களுக்குச் சம்பளம் வந்தது. (2025இல் எச்1பி வேலை விசா விண்ணப்பங்கள் தடைபட்டது தொழிலாளர் துறையின் முன்அனுமதி நின்றதால்; அந்தப் பழி யூஎஸ்சிஐஎஸ் தலையில் விழக் கூடாது.) ஒரு துறை, ஒரு முடக்கம், பொதுமக்களிடம் வாங்கும் இரண்டு கட்டணங்கள். ஒன்று சம்பளமாகிறது, மற்றது பூட்டிக் கிடக்கிறது. வேறுபாடு சட்டத்தின் ஓரிரு வரிகளில்தான் இருக்கிறது.

கணக்கில் ஒரு சிக்கல் இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். டிஎஸ்ஏவின் ஆண்டுச் செலவு இப்போது சுமார் 1,100 கோடி டாலர். 2023 உயர்வுக்குப் பிறகு சோதனை அலுவலர்களின் சம்பளச் செலவை மட்டும்கூட இந்தக் கட்டணம் முழுமையாகத் தாங்காது. ஆகவே எல்லாவற்றையும் கட்டணத்தில் ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. முடக்கம் நடக்கும் வாரங்களில், வசூலாகும் கட்டணம் முழுவதையும், பற்றாக்குறைக்குத் திருப்பிவிடும் பங்கையும் சேர்த்து, சாவடி அலுவலர்களின் சம்பளத்துக்கு எடுக்கலாம் என்று நிரந்தர அனுமதி இருந்தால், முழுச் சம்பளம் இல்லாவிட்டாலும் அதன் பெரும்பகுதியாவது உரிய தேதியில் கைக்கு வரும். சுழி என்ற கட்டத்துக்கும் முக்கால் பங்கு என்ற கட்டத்துக்கும் இடையில் வாடகையும் பெட்ரோலும் இருக்கின்றன.

தனியாரிடம் விட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோ, கான்சாஸ் சிட்டி உள்ளிட்ட சுமார் 20 விமான நிலையங்களில் டிஎஸ்ஏவின் மேற்பார்வையில் தனியார் நிறுவன ஊழியர்கள்தான் சோதனை செய்கிறார்கள். முடக்கத்தின்போது அவர்களுக்குச் சம்பளம் வந்தது, அங்கே வரிசையும் நீளவில்லை. அதற்குக் காரணம் தனியாரின் திறமை அல்ல. ஒப்பந்தத் தொகை முன்பே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். 2001க்கு முன்னால் விமான நிறுவனங்கள் அமர்த்திய தனியார் நிறுவனங்கள்தான் நாடு முழுவதும் சோதனை செய்தன. 1998-99இல் 19 பெரிய விமான நிலையங்களில் அந்த ஊழியர்களின் ஆண்டு வெளியேற்ற விகிதம் சராசரியாக 126 சதவீதம் என்று அரசுக் கணக்காய்வு அலுவலகம் அறிக்கை தந்தது. சம்பளம் அவ்வளவு குறைவு. அந்த நிலைக்குத் திரும்பிப் போவதற்கு முடக்கத்தை ஒரு சாக்காக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. சாவடியில் சம்பளம் தடையில்லாமல் வந்தால் முடக்கத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி குறைந்துவிடும். 2019இல் லகார்டியாவில் விமானம் நின்றதால்தானே எல்லோருக்கும் விடிவு வந்தது, என்கிறார்கள். பொதுமக்களுக்கு வலிக்கும் இடத்தை மட்டும் மருந்து போட்டு ஆற்றிவிட்டால், உணவுப் பரிசோதகரும் பூங்காக் காவலரும் மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடப்பார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. 2013இல் படைவீரர்களின் சம்பளத்துக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். இந்த வாதத்தின் நேர்ப்பொருள் என்னவென்றால், 50,000 பேரின் வீட்டு அடுப்பைப் பணயமாக வைத்தால்தான் காங்கிரஸ் தன் கடமையைச் செய்யும் என்பது. முடக்கம் நடந்தாலும் காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்து தவறாமல் போய்க்கொண்டிருக்கும்போது, நெருக்கடியை மட்டும் சாவடி அலுவலரின் தலையில் வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? உணவுப் பரிசோதகருக்கும் சம்பளம் வர வேண்டும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். அதற்காக இவருக்கு வரக் கூடாது என்று கேட்க முடியாது.

பயணிகளாக நாம் செய்யக்கூடியது குறைவு. சாவடியில் அலுவலரின் கையில் பணம் கொடுக்காதீர்கள்; கூட்டாட்சி நெறிமுறை விதிப்படி அவர்களால் வாங்க முடியாது, கொடுத்தால் சிக்கல் அவர்களுக்குத்தான். பொருளாகத் தந்தாலும் 20 டாலர் அளவுக்குக் கடுமையான வரம்புகள் இருக்கின்றன. முடக்கக் காலங்களில் பல விமான நிலையங்களே மளிகைப் பொருட்களும் குழந்தைகளுக்கான டயப்பர்களும் சேகரித்து விநியோகித்தன. தரவேண்டும் என்றால் அந்த வழியாகத் தரலாம். எங்கள் பள்ளிப் பெற்றோர் குழுவில் சிலர் அந்தப் பெண்ணின் குழந்தையைக் காலை நேரத்தில் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு எந்த விதியும் தடையில்லை.

வாக்குரிமை உள்ளவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் ‘முடக்கம் கூடாது’ என்று பொதுவாக எழுதினால், அவரும் பொதுவாகவே பதில் எழுதுவார். இன்னும் குறிப்பாகக் கேட்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. பாதுகாப்புக் கட்டணத்தின் ஒரு பங்கைப் பற்றாக்குறைக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு 2027 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதை மேலும் நீட்டிப்பதா, விட்டுவிடுவதா என்று காங்கிரஸ் எப்படியும் அந்தச் சட்டத்தைத் திறந்து பார்த்தாக வேண்டும். திறக்கும்போது, ஒதுக்கீடு இல்லாத நாட்களில் இந்தக் கட்டணத்தைச் சோதனை அலுவலர்களின் சம்பளத்துக்கு எடுக்கலாம் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன், இதுவரை வந்திருப்பது, கடிதம் கிடைத்தது என்ற தானியங்கி மறுமொழி மட்டும்.